ஜாமீன் நின்ற அத்தை

எங்கள் அத்தையிடம் ஊரில் யாரும் “நல்லாருக்கீகளா?” என்று கேட்பதில்லை. கேட்டால் அவள் நின்று யோசிப்பாள். முழங்கால் இன்றைக்கு எப்படி இருக்கிறது, நேற்றைக்கு எப்படி இருந்தது, மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று தனக்குள் பார்த்துக்கொண்டு, உள்ளதைச் சொல்வாள். கேட்டவருக்குப் பஸ் போய்விடும். அவள் புலம்புகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. வலி இல்லாத நாளில் “வலி இல்ல” என்று முடித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். கேள்வி என்று ஒன்று வந்தால் பதிலுக்காகத்தான் கேட்கிறார்கள் என்று கடைசிவரை நம்பினாள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மூத்தவள்; அப்பா முன்னமே போய்விட்டார். கட்டிக் கொடுத்தது தேவாரத்தில். மாமா இறந்த பிறகு எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, அவர் அவள் பெயரில் வாங்கிப்போட்டிருந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். பிள்ளை கிடையாது. இப்போது அவளும் இல்லை. என்னையும் என் தம்பியையும் தூக்கி வளர்த்தவள் என்று சொன்னால் அவளே மறுத்திருப்பாள். “வளத்தது ஒங்கம்மா. நான் எப்பவாச்சும் தூக்குனேன்” என்றுதான் சொல்லியிருப்பாள்.

என்னை முதலில் பெண் பார்க்க வந்த வீட்டார் சும்மா இருக்காமல் அத்தை பக்கம் திரும்பி, “பொண்ணு நல்லாச் சமைக்குமா?” என்று கேட்டார்கள். அம்மா கண்ணைக் காட்டினாள். அத்தை அதைப் பார்க்கவில்லை. “ரசம் வைப்பா. குழம்பு இன்னும் கைக்கு வரல” என்றாள். “கோவப்படுமா?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. “படுவா. சாயங்காலத்துக்குள்ள எறங்கிரும்.” அந்த இடம் அத்தோடு போயிற்று. எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அம்மா மட்டும் ஒரு மாதம் அத்தை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போலீஸ்காரர்களுக்கும் அவளை அப்படித்தான் தெரியும். தோப்புக் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை போய்ப் புகார் கொடுத்தாள். கொஞ்ச நாளில் ஒரு பையனைப் பிடித்து, மோட்டாரையும் பிடித்துவிட்டதாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் எடுத்துக் கொடுத்ததை நேரில் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். “நான் வாறப்ப மோட்டாரு ஒங்க ஜீப்புல இருந்துச்சு. அவன் எடுத்துக் குடுத்ததை நான் பாக்கலையேய்யா” என்றாள். சரி, சாட்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம், இது உங்கள் மோட்டார்தானா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். “என் மோட்டாரு மாதிரி இருக்கு. என் மோட்டாருதான்னு சொல்ல வரல” என்றாள். அந்த மோட்டார் ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில் கிடந்து துருப்பிடித்தது. அவள் நகையை வைத்துப் புது மோட்டார் வாங்கினாள். பழையதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். “இருந்தாலும் இருக்கும்” என்பாள்.

நான் அப்போது உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாமீன் என்றால் என்ன என்று சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து அது பட்டா நகல், ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், அப்புறம் எங்கள் கடைப் படியில் நடக்கும் ஒரு ஒத்திகை. வக்கீல் குமாஸ்தா, ஜாமீன் நிற்க வந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார். “ஆளைத் தெரியுமான்னு கேப்பாக. தெரியும்யான்னு சொல்லணும். வாய்தாவுக்கு ஒழுங்கா வருவானான்னு கேப்பாக. வருவான்யா, நான் பொறுப்புயான்னு சொல்லணும். வேற எதுவும் பேசப்பிடாது.” அவர்களும் தலையை ஆட்டுவார்கள். உள்ளே போய் அப்படியே சொல்லிவிட்டு வந்து டீ குடிப்பார்கள். கேட்கிற மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைத்தான் அவரும் நிஜமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

அந்தப் படியில் என் அம்மாவும் அத்தையும் வந்து நிற்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

தம்பி கம்பத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவான்; மலைப்பாதை, அந்தப் பக்கம் அடுத்த மாநிலம். யாருடைய வண்டி முதலில் எடுப்பது என்று ஸ்டாண்டில் தினம் வருகிற வாய்த்தகராறுதான். அன்றைக்கு எதிராளி அவன் சட்டையைப் பிடித்தான். இவன் கையில் ஜாக்கி கம்பி இருந்தது. எதிராளி மண்டையில் தையல் போடும்படி ஆகிவிட்டது. அடித்தது அடித்ததுதான், அதில் என் தம்பிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் போட்டது கொலைமுயற்சி வழக்கு.

“விசாரிச்சுட்டு அனுப்பிருவோம்” என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் மதியம்தான் கோர்ட்டில் பார்த்தோம். மாஜிஸ்திரேட் அம்மா, யாரைக் கொண்டுவந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “போலீஸ் அடிச்சாங்களா?” தம்பி, “இல்லங்கம்மா” என்றான். அதுவும் சொல்லிக்கொடுத்த பதில்தான் என்று எனக்குத் தெரியும். அத்தை என் காதோரம் வந்து, “பொய் சொல்றான். அவன் நடக்குறதப் பாரு” என்றாள். சத்தம் போடாதே அத்தே என்று கையைப் பிடித்து அமுக்கினேன். அவன் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நடந்து போனான்.

கொஞ்ச நாளில் ஜாமீன் கிடைத்தது. சொந்தப் பெயரில் சொத்துள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் பாதி நிலம் செத்துப்போனவர்கள் பெயரில்தான் இருக்கிறது. பங்கு பிரிப்பார்கள், வரப்புப் போடுவார்கள், வாழை வைப்பார்கள், பட்டாவை மாற்ற மாட்டார்கள். எங்கள் நிலமும் தாத்தா பெயரில்தான். தெருவில் விசாரித்ததில் உருப்படியாகச் சொந்தப் பட்டா உள்ளவர்கள் மளிகைக் கடைக்காரரும் அத்தையும்தான். அம்மா என்னிடம் மெதுவாக, “வேற ஆளே இல்லையா?” என்று கேட்டாள். இல்லை.

குமாஸ்தா எங்கள் கடைப் படியில் வைத்து அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தார். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, “அவுக என்னையக் கேட்டா நான் சொல்லிக்கிறேன்யா. நீங்க ஏன் சிரமப்படுறீக?” என்றாள். மளிகைக் கடைக்காரர் உள்ளே போய் ஒழுங்காகச் சொல்லிவிட்டார். அடுத்து அத்தை.

“ஆளைத் தெரியுமா?”

“தெரியும் தாயி. என் தம்பி மகன்.”

“வாய்தாவுக்கு ஒழுங்கா வருவாரா?”

அத்தை யோசித்தாள். மாஜிஸ்திரேட் அம்மா அதுவரை எழுதிக்கொண்டேதான் கேட்டார். பதில் வராததால் நிமிர்ந்தார்.

“தானா வர மாட்டான் தாயி” என்றாள் அத்தை. “மோசமான பய இல்ல. பயந்த பய. போலீசக் கண்டா மெட்டு ஏறி அந்தப் பக்கம் போயிருவான். நான்தான் போயிக் கூட்டியாரணும். கூட்டியாருவேன்.”

எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “நீங்க போய்க் கூட்டிட்டு வருவீங்களா?” என்று இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டார். “ஆமா தாயி. வண்டியேற முடியுது இன்னும்” என்றாள் அத்தை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்த் தம்பி கையெழுத்துப் போட வேண்டும். அத்தை கூடவே போய் வாசலில் நிற்பாள். தோளுக்கு மேல் வளர்ந்த பையனுக்கு அது வெட்கமாக இருந்தது. “நான் என்ன பால்வாடிக்கா போறேன்? நீ வராத அத்தே” என்பான். “நான் சொல்லிருக்கேன்லடா” என்பாள். கையெழுத்து நின்ற பிறகு வாய்தா. போய் நிற்பது, பெயர் கூப்பிட்டதும் கையைக் கட்டுவது, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு வருவது. ஒரு நாள் சாட்சி வரவில்லை, ஒரு நாள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் எல்லாரும் வந்தார்கள், மாஜிஸ்திரேட் விடுப்பு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. அம்மா தேதியைக் கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். எனக்கும் அலுத்துவிட்டது. எதிராளியே ஒரு நாள் கோர்ட்டு வராந்தாவில் தம்பியிடம், “எப்படா முடிப்பாய்ங்க?” என்று கேட்டான். அவன் தலையில் தழும்பு மறைய முடி வளர்ந்திருந்தது.

அதற்கடுத்த வாய்தாவில்தான் அது நடந்தது. வேறொரு கைதியைக் கூட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வராந்தாவுக்கு வந்தார். தம்பியைப் பார்த்ததும் நின்று, அவன் தோளில் கையைப் போட்டு, “எப்படிடா இருக்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். தம்பி ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டார்கள். அத்தை கழிப்பறைப் பக்கம், டீக்கடைப் பக்கம், பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்ப் பார்த்தாள். பிடிவாரண்டு போட்டார்கள்.

அவன் எங்கே போயிருப்பான் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். மெட்டுக்கு அந்தப் பக்கம், அவனுக்குப் பழக்கமான ஒரு ஏலத்தோட்டத்தில். அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள், அத்தையிடம் மூச்சு விடக் கூடாது என்று. அதற்குள் அத்தையே அவன் ஜீப்பில் போகும் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

ஏட்டையா வாரண்டோடு வீட்டுக்கு வந்தார். வயதானவர், மூட்டுவலிக்காரர். வாசலில் நின்றபடியே அத்தையிடம், “பையன் எங்க இருக்கான்னு தெரியுமாம்மா?” என்று கேட்டார். அம்மா உள்ளேயிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

“தெரியும்யா” என்றாள் அத்தை. “சொல்ல மாட்டேன்.”

“என்னம்மா இப்பிடிச் சொல்றீக?”

“அவன நான் கூட்டியாறேன்னு கோர்ட்டுல சொல்லிருக்கேன். நீங்க கூட்டியாந்தா அது எப்பிடி?”

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பிடியே எழுதிட்டு நான் போயிருவேன். ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல.”

“தெரியுதேய்யா” என்றாள் அத்தை. அவளுக்கே அவர்மேல் பாவமாக இருந்தது போலிருந்தது. “ஒக்காந்து காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்க.”

அவர் உட்கார்ந்து காபி குடித்தார். சீக்கிரம் கூட்டிக்கொண்டு வந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா அத்தையைப் பார்த்து, “நீங்க அவனுக்கு அத்தையா, எமனா?” என்றாள். “அத்தைதான்” என்று பதில் சொன்னாள்.

மறுநாள் விடிகாலையில் தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் ஏறினாள். நானும் கூடப் போனேன். தம்பி, தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பின்னால் ஏலக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

“ஏலே, கெளம்பு” என்றாள்.

“அத்தே, என்னையப் பாக்கலைன்னு சொல்லிரு.”

“பாத்துட்டேனேடா.”

அவன் கொஞ்சநேரம் மூட்டையின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். “வந்தா உள்ள போட்ருவாகளா?”

“போட்டாலும் போடுவாக.”

வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் ஆகாது வா என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானே அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘நீ மட்டும் அதச் சொல்லிருந்தா நான் அன்னைக்கே இன்னும் மேல ஏறிப் போயிருப்பேன்’ என்று தம்பி ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான். அன்றைக்கு அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

வக்கீல் எல்லாம் தயாராக வைத்திருந்தார். காய்ச்சலில் படுத்திருந்ததாக ஒரு டாக்டர் சீட்டு. வாய்தா தவறினால் காய்ச்சல் என்பது எழுதாத விதி. எங்கள் கடையில் அந்தச் சீட்டுகளை நான் எத்தனை நகல் எடுத்திருப்பேன். அத்தையை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் நிறுத்தித்தான் பார்த்தேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த மாஜிஸ்திரேட் ஐயா, ஜாமீன் நின்றவர்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார்.

அத்தை உள்ளே போனாள். வக்கீல் காய்ச்சல் என்றார். ஐயா சீட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “காய்ச்சலா?” “ஆமாங்கய்யா.” அப்புறம் அத்தையைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. என்ன காய்ச்சல்?”

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. ஒரு வார்த்தை. ஆமாங்கய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் எங்களோடு வீட்டுக்கு வந்துவிடுவான். அத்தைக்கும் அது தெரியும். அன்றைக்கு அவள் யோசித்த மாதிரி அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. தம்பியைப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லங்கய்யா” என்றாள். “பயம்.”

“என்ன பயம்?”

“புடிச்சிட்டுப் போன அன்னைக்கி அடிச்சிருக்காக. நான் பாக்கல. மறுநா குதிகால ஊன்றாம நடந்தான். இங்கன அந்தம்மா கேட்டதுக்கு இல்லைன்னுட்டான். போன வாய்தாவுல ஒரு போலீசு வெளிய வராந்தாவுல அவன் தோள்ல கை போட்டாரு. ஓடிட்டான்.”

ஐயா தம்பியிடம், “உண்மையா?” என்றார். தம்பி வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தரையைப் பார்த்தார். “ஆமாங்கய்யா” என்றான். அதைச் சொன்னதும் அழுதுவிட்டான். இத்தனை காலத்தில் வீட்டில்கூட அவன் அதைச் சொன்னதில்லை.

ஐயா நிறைய நேரம் எழுதினார். ஆளை டாக்டரிடம் காட்டி, உடம்பில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கிய பிறகுதான் சிறையில் சேர்க்க வேண்டும் என்றார். ஆனாலும் வாய்தாவுக்கு வராமல் போனதும், பொய்ச்சீட்டுக் கொடுத்ததும் சும்மா விடுகிற காரியம் இல்லை என்றார். உள்ளே அனுப்பினார்.

வெளியே வந்ததும் வக்கீல் எங்களிடம் பேசாமல் போய்விட்டார். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அத்தையை அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. தம்பியை வண்டியில் ஏற்றும் வரை பக்கத்திலேயே நின்றாள். அவன் ஏறும்போது, “அத்தே, அம்மாவப் பாத்துக்க” என்றான். அவளிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை.

பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்தோம். அத்தையிடமிருந்து தள்ளி உட்கார அம்மா எவ்வளவோ முயன்றாள், இடம் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்த வண்டி, ஒரே கூட்டம். நான் அம்மாவுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகாது, சீக்கிரம் விட்டுவிடுவார்கள், அங்கே நல்லாத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பாதி வழியில் அம்மா திடீரென்று என்னைத் தாண்டிக் குனிந்து, அத்தையின் முழங்கையைப் பிடித்தாள்.

“மதினி, அங்கன அவன அடிப்பாகளா?”

அத்தை யோசித்தாள். பஸ் நின்று ஆளை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்பியது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கி அடிக்க மாட்டாக” என்றாள் அத்தை. “டாக்டர் பாக்கணும்னு எழுதிருக்காரு. இன்னைக்கி யாரும் கை வைக்க மாட்டாக.”

“நாளைக்கி?”

“நாளைக்கித் தெரியல ஆத்தா. காலையில போயி, அவன நிக்கவச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அம்மா அவள் முழங்கையை விடவில்லை. பிடித்தபடியே தலையைச் சாய்த்தவள், நாங்கள் இறங்க வேண்டிய இடம் வரும்வரை தூங்கினாள்.